எட்டுப் பெயர்களில் ஒன்று

(மண்ணூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

காரின் முன்கண்ணாடியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதன் வழியாக ரோட்டைப் பார்ப்பதோடு சரி. அடுத்த முறை ஓரத்தைக் கவனித்தால், சுற்றிலும் ஒரு கறுப்புப் பட்டை ஓடுவது தெரியும். பட்டை முடிகிற இடத்தில் புள்ளிகள், பெரிதிலிருந்து சிறிதாகிக் கரைந்துபோகும். அது ஒட்டிய ஸ்டிக்கரும் இல்லை, பிரஷ்ஷால் பூசியதும் இல்லை. ஸ்கிரீன் பிரிண்டிங். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன்மேல் கண்ணாடித்தூள் கலந்த மை, மையை வழித்துத் தள்ளும் ரப்பர் பட்டை. ஒரே இழுப்பு. பிறகு 600 டிகிரிக்கு மேல் சூடான சூளைக்குள் போய்வந்தால் மை கண்ணாடியோடு ஒன்றிவிடும், சுரண்டினாலும் வராது. பின்கண்ணாடியில் பனியை விலக்க ஓடும் மெல்லிய கோடுகளும் இப்படி அச்சடித்த வெள்ளிப் பசைதான். செல்போன் போர்டில் சால்டர் பேஸ்ட் இறங்குவது துளையிட்ட எஃகுத் தகட்டின் வழியாக. அதுவும் இந்த வேலைக்குப் பங்காளி முறை.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000-ல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-ல். மண்ணூர் வழியாக விடியற்காலையில் போகும் கம்பெனி பஸ்களில் தூங்கி வழியும் பிள்ளைகளில் பலருக்கு, தெரிந்தோ தெரியாமலோ, அச்சு என்பது கைத்தொழில். அதனால்தான் அச்சுக்கலையைப் பற்றிய இந்தப் பேச்சை ஓவியக் கூடத்தில் தொடங்காமல் கண்ணாடி ஓரத்தில் தொடங்க வேண்டியிருக்கிறது. பேச்சின் பொருள் ஒரு கேள்வி: திருநர் உரிமைக்காகப் பாடுபட்ட ஒருவரை அச்சில் நினைவுகூர்வது என்றால் எதை அச்சிடுவது? முகத்தையா, பெயரையா?

உலகத்தில் அதிகம் பேசப்படும் உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஸ்கிரீன் பிரிண்டிங்கைக் கடை விளம்பரத்திலிருந்து எடுத்து ஓவியச் சந்தைக்குக் கொண்டுபோனவர். 1970-களின் நடுவில் லூசியானோ அன்செல்மினோ என்ற இத்தாலிய வியாபாரி அவரிடம் ஒரு வரிசைப் படங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். பெண் வேடமிடும் ஆண்களும் திருநங்கைகளும் மாடல்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். வார்ஹோலின் ஆட்கள் மதுக்கூடத்தில் பார்த்து அழைத்துவந்தார்கள். ஒரு தடவை உட்கார்ந்து போலராய்டு எடுத்துக்கொண்டால் ஐம்பது டாலர் கூலி. 14 பேர், 500-க்கு மேற்பட்ட போலராய்டுகள், 268 ஓவியங்கள். கூடவே பத்துப் படங்கள் கொண்ட அச்சுத் தொகுப்பு, 125 பிரதிகள். வரிசைக்கு வைத்த பெயர் ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்’. மேடையில் மைக்கைப் பிடித்தவுடன் சொல்கிற வழக்கமான விளி அது. இங்கே அதில் ஒரு குறும்பும் இருந்தது.

ஆனால் எந்தப் படத்தின் கீழும் உட்கார்ந்தவரின் பெயர் இல்லை.

கண்ணும் உதடும் தலைத்துணியும் பளபளவென்று அச்சாகி, ஐரோப்பியச் செல்வந்தர்களின் சுவர்களுக்குப் போயின. உட்கார்ந்தவர்கள் யார் என்பதை வார்ஹோல் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் ரசீதுகளையும் போலராய்டுகளையும் புரட்டித் தேடிப் பொதுவில் வைத்தது 2014-ல். நாற்பதாண்டு கழித்து. 14 பேரில் 13 பேருக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பதின்மூன்றில் ஒருவர் மார்ஷா பி. ஜான்சன்.

மார்ஷாவைத் தெரியாத திருநர் இயக்கம் இன்று உலகில் குறைவு. 1945-ல் நியூஜெர்சியில் பிறந்தவர். 1969-ல் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் நுழைந்தபோது எழுந்த எதிர்ப்பின் முகங்களில் ஒருவர். 1970-ல் சில்வியா ரிவேராவோடு சேர்ந்து, வீடில்லாமல் தெருவில் நின்ற திருநர் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பு நடத்தினார். பெயரின் நடுவில் உள்ள ‘பி’ எதைக் குறிக்கிறது என்று கேட்டால், ‘கண்டுக்காதே’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்து என்பார். தலை நிறையப் பூ வைத்துக்கொள்வார்; பூச்சந்தையில் மிஞ்சிய பூ. 1992 ஜூலையில் அவர் உடல் ஹட்சன் ஆற்றில் மிதந்தது. தற்கொலை என்று சொல்லி முடித்த வழக்கை, நண்பர்கள் விடாமல் கேட்டதால், 2012-ல் மீண்டும் திறந்தார்கள்.

இன்று டீ-சர்ட், போஸ்டர், தேநீர்க் கோப்பை என்று அவர் முகம் இல்லாத இடமில்லை. 2020 ஆகஸ்ட் 24, அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளில், புரூக்ளினில் ஆற்றோரப் பூங்கா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதற்கடுத்த கதைதான் சுவாரசியம். பூங்காவின் காங்கிரீட் தரை முழுக்க வானவில் நிறத்தில் பெரிய பூக்களைத் தெர்மோபிளாஸ்டிக்கில் பதிக்க மாநில அரசு திட்டம் போட்டது. தெர்மோபிளாஸ்டிக் என்றால் வேறொன்றுமில்லை, ஒரகடம் ஆறுவழிச் சாலையில் வெள்ளைக் கோடும் பாதசாரிப் பட்டையும் போட உருக்கி ஊற்றுகிறார்களே, அதே சரக்கு. அக்கம்பக்கத்தாரும் திருநர் அமைப்பினரும் கொதித்துப் போனார்கள். வாழ்நாளெல்லாம் தலையில் நிஜப் பூ வைத்தவருக்குப் பிளாஸ்டிக் பூவா, அந்த இடத்தில் செடி நடுங்கள் என்றார்கள். 2021 மார்ச்சில் வேலை நின்றது. நினைவுச்சின்னம் வைக்கிறவர்கள், அந்த மனிதரை அறிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆர்டர் கொடுத்திருக்கலாம்.

மார்ஷாவின் கதையில் முகம் முதலில் வந்தது, பெயர் நாற்பதாண்டு பின்னால் நடந்து வந்தது. இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு நிகழ்வு, அதே நியூயார்க் நகரத்தில், ஒரு தமிழ்த் திருநங்கைக்கு நடந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்லர் நூலகம் 1934-ல் திறந்த கட்டடம். தூண்களுக்கு மேலே கல்லில் பெரியவர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள்: ஹோமர், ஹெரோடோட்டஸ், சோபோக்கிளிஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டெமாஸ்தனிஸ், சிசரோ, வெர்ஜில். அத்தனை பேரும் ஆண்கள். 1989-ல் அங்கே படித்த லாரா ஹாட்ச்கிஸ் பிரவுன் என்ற மாணவி, தோழிகளோடு சேர்ந்து 140 அடி நீளத்துக்கு ஒரு பேனர் தயார் செய்தார். சாஃபோ, எமிலி டிக்கின்சன், வர்ஜீனியா உல்ஃப் என்று பெண் எழுத்தாளர்களின் பெயர்கள் மட்டும். படம் கிடையாது, கோஷம் கிடையாது. பட்டமளிப்பு நாளில் அதைக் கட்டப்போனபோது காவலர்கள் பறித்துப் போட்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் முறையாக அனுமதி வாங்கித் தொங்கவிட்டார்கள். கல்லில் வெட்டிய ஆண் பெயர்கள் இருக்கும் அதே முகப்பில், காற்றில் ஆடும் துணியில் பெண் பெயர்கள்.

முப்பதாண்டு கழித்து, 2019 இலையுதிர்காலத்தில், அதே இடத்தில் புதிய பேனர் ஏறியது. எட்டுப் பெயர்கள். மாயா ஏஞ்சலோ, குளோரியா அன்சால்துவா, டயானா சாங், ஜோரா நீல் ஹர்ஸ்டன், டோனி மாரிசன், ஏ. ரேவதி, என்டோசாகி ஷாங்கே, லெஸ்லி மார்மன் சில்கோ. டோனி மாரிசன் அந்த ஆகஸ்ட் மாதம்தான் இறந்திருந்தார். எட்டுப் பேரில் அப்போது உயிரோடிருந்தவர்கள் இருவர்: சில்கோ ஒருவர், நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ரேவதி மற்றவர்.

நம்மூரில் உயிரோடிருப்பவருக்குச் சிலை வைத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். பேனருக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. தெருவுக்கு நாலு பேனர் வைக்கிற ஊரிலிருந்து போனவருக்கு அமெரிக்காவில் ஒரு பேனர் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் இரண்டு பேனருக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். நம்முடையதில் முகம் முக்கால் பங்கு, மீதியில் பட்டப்பெயர், அடியில் வாழ்த்துவோரின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். அங்கே தொங்கியதில் பெயர் தவிர எதுவுமில்லை. ரேவதியின் நிறம் என்ன, புடவையா சுடிதாரா, பார்க்க எப்படி இருப்பார் என்று எந்த மாணவருக்கும் அந்தத் துணி சொல்லவில்லை. தெரிய வேண்டுமானால் நூலகத்துக்குள் போய்ப் புத்தகத்தைத் தேட வேண்டும். திருநங்கை என்றாலே முதலில் உடம்பைப் பார்க்கும் கண்ணுக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்த வழியும் அச்சின் வழிதான். ரேவதிக்குப் பெற்றோர் வைத்த பெயர் துரைசாமி. வீட்டில் அடி, வெளியில் போலீஸ் அடி, டெல்லி, மும்பை என்று அலைச்சல், ஜமாத் என்னும் திருநங்கையர் குழுவில் குரு-சேலா (சீடர்) உறவு, கடை கடையாகக் காசு கேட்பது, பாலியல் தொழில் என்று அவர் வாழ்க்கை போயிற்று. 1999-ல் பெங்களூரில் ‘சங்கமா’ என்ற உரிமை அமைப்பில் சாதாரண வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் அதன் இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தார். அங்கே இருந்தபோது தமிழகத்து அரவாணிகள் பலரைச் சந்தித்துப் பேசி ‘உணர்வும் உருவமும்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். திருச்சி மாவட்டம் புத்தாநத்தத்தில் இயங்கும் ‘அடையாளம்’ வெளியிட்டது. அரவாணிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதியது அதற்கு முன்பும் உண்டு. அரவாணி ஒருவரே கேட்டு, எழுதி, தொகுப்பாசிரியராகத் தன் பெயரைப் போட்டுக்கொண்ட நூல் என்ற வகையில் இது புதிது. 2007-ல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ வந்தது. பிரியா பாபுவும் நூல் எழுதினார். அட்டையில் திருநங்கையின் பெயர் ஆசிரியராக வருவது மெல்ல மெல்லப் பழகியது.

தன் வாழ்க்கையை ரேவதி எழுதியது தமிழில். ஆனால் முதலில் அச்சேறியது வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பெங்குவின் வெளியீடு, 2010. தமிழில் ‘வெள்ளை மொழி’ என்ற தலைப்பில் 2011-ல் வந்தது. தமிழில் எழுதிய நூல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு தமிழுக்கு வந்த இந்த வரிசையைப் பற்றி நம் பதிப்புலகம் கொஞ்சம் வெட்கப்படலாம். அதே தலைப்பில் அ. மங்கையின் இயக்கத்தில் ரேவதி தனியாளாக மேடையேறியும் நடித்திருக்கிறார். தம் துன்பத்தைத் தாமே எழுதி, தம் வாயாலேயே பேசிக் காட்டியவருக்குக் கொலம்பியா மாணவர்கள் செய்தது ஒன்றுதான்: அட்டையில் இருந்த பெயரை எடுத்துப் பெரிதாக்கித் தொங்கவிட்டார்கள்.

அந்த 2019-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. நியூயார்க்கில் அந்தப் பெயர் ஏறிய அதே பருவத்தில், டெல்லியில் திருநர் பாதுகாப்பு மசோதா நாடாளுமன்றத்தில் ஏறியது. நவம்பர் 26 அன்று மாநிலங்களவையில் நிறைவேறி, டிசம்பர் 5-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. 2014 ஏப்ரல் 15 அன்று ‘நல்சா’ வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு தந்திருந்தது. புதிய சட்டமோ மாவட்ட ஆட்சியரிடம் மனுப்போட்டுச் சான்றிதழ் வாங்கச் சொன்னது. திருநர் அமைப்புகள் நாடு முழுவதும் தெருவில் இறங்கியது இதற்காகவும்தான். மண்ணூரில் குடியிருக்கும் ஒரு திருநங்கை, தான் இன்னார் என்று காகிதத்தில் காட்ட, காஞ்சிபுரம் ஆட்சியருக்கு எழுத வேண்டும். ரேவதியின் பெயரைத் துணியில் போட்டவர்கள் எந்த ஆட்சியரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பல மாநிலங்களுக்கு முன்னே போனது என்பதையும் மறைக்கக் கூடாது. திருநங்கையர் நல வாரியம் 2008 ஏப்ரல் 15-ல் வந்தது. அந்த நாளைத்தான் இங்கே திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ‘அரவாணி’ போய்த் ‘திருநங்கை’ என்ற சொல் நிலைத்ததிலும் அரசுக் காகிதத்தின் பங்கு பெரிது. ஒரு சொல்லைப் படிவத்தில் அச்சடித்துவிட்டால் நாக்கு தானே திருந்தும்.

அரசு அச்சகத்தைவிட நமக்குப் பக்கத்தில் இருப்பது பிளெக்ஸ் கடை. வாழ்க்கையின் எல்லாக் கட்டமும் அந்தக் கடை வழியாகத்தான் போகிறது: காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம், கண்ணீர் அஞ்சலி. ஒரு திருநங்கை இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு கடையில் நடந்ததாகச் சொல்லவில்லை. எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. ஜமாத்திலிருந்து இரண்டு பேர் செல்போனில் படத்தோடு வருகிறார்கள். நெற்றியில் பெரிய பொட்டு, காதில் ஜிமிக்கி, கூவாகம் திருவிழாவுக்குப் போனபோது எடுத்த படம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் படத்தை இறக்கி, பின்னணியை வெட்டி, மேகத்தையும் ரோஜாவையும் வைத்துவிட்டு, தலையைத் திருப்பாமலே கேட்கிறான்: “பேர் எப்படிப் போடணும்? இனிஷியல் என்ன?”

அந்த இடத்தில் ஒரு நொடி நின்றுபோகும். ஊரிலிருந்து அண்ணன் ஏற்கெனவே வேறொரு பேனருக்குச் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூட நாளில் எடுத்த பழைய படம், ஆண் பெயர், அப்பாவின் இனிஷியல். ஒரே சாவுக்கு இரண்டு பேனர், இரண்டு பெயர், இரண்டு முகம். முப்பது வருஷம் ஒரு பெயரில் வாழ்ந்தவரைக் கடைசி நாளில் இன்னொரு பெயரில் அடக்கம் செய்வது நம் ஊர்களில் நடக்காத காரியமல்ல. இனிஷியல் இடத்தில் எந்த எழுத்தைப் போடுவது? பெற்றவரின் எழுத்தா, வளர்த்த குருவின் எழுத்தா? வார்ஹோலின் பத்துப் படங்களுக்கு முன்னால் யாரும் கேட்காத கேள்வியை எட்டுக்கு நாலு பேனருக்காக அந்தப் பையன் கேட்டுவிடுகிறான். கேட்டவரை நல்லது.

கேட்பதற்கு இன்னொரு வழியையும் பொள்ளாச்சியைச் சேர்ந்த கல்கி சுப்பிரமணியம் காட்டியிருக்கிறார். கவிஞர், ஓவியர், ‘சகோதரி’ அமைப்பை நடத்துபவர். அவருடைய ‘சிவப்புச் சுவர்’ முயற்சியில், வன்முறைக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளான திருநர்கள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே காகிதத்தில் எழுதி, அதன்மேல் சிவப்பு வண்ணத்தில் உள்ளங்கையைப் பதிக்கிறார்கள். வலையும் வேண்டாம், சட்டமும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நீல மையில் பெருவிரல் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கைநாட்டு என்றால் எழுதத் தெரியாதவர் என்றே பொருள் கொண்டுவிட்டோம். இங்கே எழுதியவரே கைநாட்டும் வைக்கிறார். வரிசையாக மாட்டினால் சுவர் நிறையக் கைகள். ஒரு கையைப் போல் இன்னொரு கை இல்லை. 125 பிரதி எடுக்கவும் முடியாது.

தன் கதையைத் தானே சொல்லவிடும் இந்த வேலையை டெல்லியில் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் புத்தக வடிவில் செய்தார். பழைய டெல்லியின் இடுகாடு ஒன்றில் வீடு கட்டி வாழ்ந்த திருநங்கை மோனா அகமதுவை அவர் முதலில் சந்தித்தது 1989-ல், லண்டன் பத்திரிகை ஒன்றுக்காகப் படமெடுக்கப் போனபோது. இந்தப் படம் லண்டனில் வந்தால் அங்கிருக்கும் உறவினர் பார்ப்பார்களே என்று மோனா தயங்க, எடுத்த பிலிமை அங்கேயே அவர் கையில் கொடுத்துவிட்டார் தயாநிதா. வேலை போனது, நட்பு நிலைத்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2001-ல் ‘மைசெல்ஃப் மோனா அகமது’ என்ற நூல் வந்தபோது படங்களுக்குப் பக்கத்தில், மோனா பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் இருந்தன. தலைப்பிலேயே அவர் தன்னைத் தன் பெயரால் சொல்லிக்கொள்கிறார். 2017-ல் மோனா இறந்தார். பிலிமைத் திருப்பிக் கொடுத்த அந்த ஒரு கணம்தான் நூலின் முதல் பக்கம் என்று தோன்றுகிறது.

ஆக, அச்சுத் தொழில் தெரிந்த ஊரில் சொல்வதற்கு ஒன்றிருக்கிறது. மெஷ் இழுக்கத் தெரியும், எமல்ஷன் பூசி வெளிச்சம் காட்டிக் கழுவத் தெரியும், கல்யாண மஞ்சப்பையில் மணமக்கள் பெயரைப் பிசிறில்லாமல் இறக்கத் தெரியும். அடுத்த ஏப்ரல் 15-க்கு இந்தப் பகுதியில் யாராவது திருநங்கையர் தினத்துக்குப் போஸ்டரோ பையோ அச்சடிப்பதாக இருந்தால், படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அவர்களிடம் பெயரைக் கேளுங்கள். எழுத்துக்கூட்டி ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாடலாக யாராவது உட்கார்ந்தால் கூலியோடு பெயரையும் அடியில் போடுங்கள்.

பட்லர் நூலகத்துத் துணி ஒரு பருவத்துக்கென்று தொங்கவிட்டது. கல்லில் வெட்டிய எட்டு ஆண்களும் மேலே அப்படியே இருக்கிறார்கள். ‘வெள்ளை மொழி’ உங்கள் ஊர்ப்புற நூலகத்தில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் நூலகரிடம் ஒரு தாள் வாங்கித் தலைப்பை எழுதி, ஆசிரியர் என்ற இடத்தில் ரேவதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.